"ரொக்கம் வாங்க மாட்டோம்" என்று கடை சொல்லலாமா? சட்டம், கல்லா, யுபிஐ: விவாத இழை

கல்லாமேசை (இழையைத் தொடங்கியவர்)

"யுபிஐ, கார்டு மட்டும். ரொக்கம் ஏற்கப்படாது" என்ற பலகையை ஃபுட் கோர்ட், காபிக் கடை, ஐ.டி. வளாக கேண்டீன் என்று பல இடங்களில் இப்போது பார்க்க முடிகிறது. இதற்கு நேர் எதிராக, 2025 ஜூலையில் பெங்களூரில் பல பேக்கரிகளும் டீக்கடைகளும் க்யூஆர் ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டின. சிறிய உணவகம், மளிகை, மருந்துக்கடை நடத்துகிறவர்கள் இரண்டு பக்கப் பேச்சையும் கேட்டுக் குழம்பியிருக்கிறார்கள்.

ரூபாய் நோட்டை மறுக்கக் கடைக்கு உரிமை உண்டா? மறுத்தால் லாபமா, நட்டமா? இரண்டையும் வைத்துக்கொள்வதென்றால் எப்படி ஒழுங்காகச் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அனுபவக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே சட்டப்பிரிவு, கட்டணம், நடைமுறை மட்டும் பேசுவோம்.

சட்டப்புள்ளி

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான்.

ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 26(1): வங்கி நோட்டு இந்தியாவில் எந்த இடத்திலும் அதில் எழுதியுள்ள தொகைக்குச் சட்டப்படி செல்லும். நாணயங்களுக்கு நாணயச் சட்டம் 2011, பிரிவு 6: ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரை செல்லும், ஐம்பது பைசா 10 ரூபாய் வரை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டன.

இதை வைத்துக்கொண்டு "நோட்டை மறுத்தால் ஜெயில்" என்று பரப்புகிறார்கள். அப்படி ஒரு தண்டனைப் பிரிவு இந்த இரண்டு சட்டத்திலும் இல்லை. "செல்லும்" என்பதன் பொருள், ஏற்பட்டுவிட்ட கடனைத் தீர்க்க அந்த நோட்டு போதும் என்பதே. பொருளை விற்பதா வேண்டாமா, எந்த வழியில் காசு வாங்குவது என்பதை விற்பனைக்கு முன்பே சொல்லிவிட்டால் அது ஒப்பந்த நிபந்தனை.

ஆகவே "முன்பு", "பின்பு" என்ற கோடுதான் முக்கியம். காபிக் கவுண்டரில் முதலில் காசு, பிறகு டோக்கன். அங்கே வாசலிலேயே பலகை இருந்தால் கடைக்காரர் பக்கம் வலுவாக இருக்கிறது. இலை போட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகு பில் வைக்கிற உணவகத்தில் கடன் ஏற்கெனவே பிறந்துவிட்டது. அப்போது வாடிக்கையாளர் 240 ரூபாய் பில்லுக்குச் சரியாக 240 நீட்டினால், "ஜிபே பண்ணுங்க, இல்லாவிட்டால் வெளியே விடமாட்டோம்" என்று சொல்ல இடமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 38 இதற்குப் பொருந்தும்: முறையாகச் செலுத்த முன்வந்து எதிர்த்தரப்பு மறுத்தால், செலுத்தவில்லை என்ற பழி அவர்மேல் விழாது. கடன் அப்படியே நிற்கும். ஆனால் அவரைத் தடுத்து நிறுத்துவது தனிக் குற்றமாகிவிடும்.

சில்லறைவணிகம்

சட்டப்புள்ளி சார் சொன்னதை ஏற்கிறேன். கடைக்காரர் ஏன் மறுக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரொக்கம் இலவசம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஷிப்ட் மாறும்போது கல்லா எண்ணிக் கைமாற்ற வேண்டும். நடப்புக் கணக்கில் மாத வரம்புக்கு மேல் ரொக்கம் கட்டினால் பல வங்கிகளில் கட்டணம். பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண். கள்ள நோட்டு ஒன்று வங்கிக் கவுண்டரில் பிடிபட்டால் முத்திரை குத்திப் பறிமுதல். மாற்று நோட்டு கிடையாது, நட்டம் முழுக்கக் கடைக்கு. இரவில் கல்லாப் பணத்தோடு வீட்டுக்குப் போகிற ஆளின் பாதுகாப்பு வேறு.

யுபிஐ-யில் வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்குக் கடையிடம் பிடித்தமே இல்லை. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் (பரிமாற்றத்துக்காகக் கடையிடம் பிடிக்கும் கட்டணம்) பூஜ்யம். சம்பளத்துக்கு ஆள் கிடைக்காத காலத்தில் இரண்டு பேர் நிற்கும் சிறிய கவுண்டர் ரொக்கத்தை நிறுத்துவது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

வைகைக்கரை

நியாயம் யாருக்கு என்று பார்க்க வேண்டாமா? பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர், பள்ளிப்பிள்ளை, வங்கியில் கொடுத்த பழைய எண் மாறிப்போனதால் யுபிஐ தொடங்கவே முடியாதவர், போன் கணவரிடம் மட்டும் இருக்கும் வீட்டுப் பெண், வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி: இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பலகை அது. காபிக் கடைக்கு வேறு கடை உண்டு. பேருந்து நிலையத்தில் இருக்கும் ஒரே மருந்துக்கடை, ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் ஒரே கேண்டீன், கட்டணக் கழிப்பறை ஆகிய இடங்களில் "யுபிஐ மட்டும்" என்பது மறுப்பு மட்டுமல்ல, கொடுமை.

எண்ணிக்கையும் ரொக்கத்தின் பக்கம் இன்னும் இருக்கிறது. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகளை நிறுத்தியபோது புழக்கத்தில் இருந்தது ஏறக்குறைய 17.7 லட்சம் கோடி. 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கு மேல். அதே 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. இரண்டும் சேர்ந்துதான் வளர்கின்றன. ஒன்றை அணைத்தால்தான் மற்றது எரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வடதுருவம்

நார்வேயிலிருந்து ஒரு தகவல். இது ரொக்கம் மிகவும் குறைந்துவிட்ட நாடு என்பதால் சட்டத்தையே இறுக்கினார்கள். 2024 அக்டோபர் 1 முதல், ஆள் நின்று விற்கும் கடையில் வாடிக்கையாளர் ரொக்கம் கொடுக்கலாம் என்பது தெளிவான உரிமை. தானியங்கி இயந்திரம், ஆளில்லாக் கடை, 20,000 குரோனருக்கு மேற்பட்ட தொகை ஆகியவை விலக்கு. பக்கத்து ஸ்வீடனில் நிலை வேறு: பொதுவாகக் கடை வாசலில் அறிவிப்பு வைத்து மறுக்கும் வழக்கம் இருந்துவந்தது. அமெரிக்காவில் மத்தியச் சட்டம் எதுவும் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை; ஆனால் மாசசூசெட்ஸில் 1978 முதலே ரொக்கத்தை மறுக்கக் கூடாது, பிலடெல்பியாவில் 2019, நியூயார்க் நகரில் 2020 முதல் தடை.

இந்தியாவில் இப்படி வெளிப்படையான தடையும் இல்லை, வெளிப்படையான அனுமதியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

சட்டப்புள்ளி

வடதுருவம் சொன்னது சரி. இங்கே சட்டம் எந்தப் பக்கம் கட்டாயப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

ரொக்கத்தை மறுத்தே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரே நபரிடம் ஒரே நாளில், அல்லது ஒரே பில்லுக்கு, அல்லது ஒரே நிகழ்வுக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 269எஸ்டி என்று அறியப்பட்ட விதி. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவர்மேல். நகைக்கடை, கல்யாண மண்டபம், கேட்டரிங் நடத்துகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்: 90,000, 90,000, 40,000 என்று மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே கல்யாணம் என்பதால் கூட்டிப் பார்க்கப்படும்.

மறுபக்கம், ஆண்டு விற்பனை 50 கோடியைத் தாண்டிய நிறுவனம் ரூபே டெபிட், யுபிஐ, யுபிஐ க்யூஆர் வசதி வைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். சிறு கடைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

சுங்கச்சாவடி தனிக்கதை. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். ஃபாஸ்டேக் இல்லாமல் வந்தால் இரட்டைக் கட்டணம் என்று இருந்தது, 2025 நவம்பர் 15 முதல் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐ-க்கு 1.25 மடங்கு என்று மாறியது. அரசே ரொக்கத்துக்குக் கூடுதல் விலை வைத்த தெளிவான உதாரணம் இது. கடைக்காரர் இதைக் காட்டித் தன் பில்லில் "ரொக்கக் கட்டணம்" சேர்க்க முடியாது. எம்ஆர்பி போட்ட பொருளில் சேர்த்தால் எடையளவுச் சட்டத்தின் கீழ் நேரடியாக மாட்டுவார்.

மதுரைத்தெரு

பத்து ரூபாய் காயினை வாங்க மாட்டேன்னு சொல்ற கடைக்காரர் மேல தேசத் துரோக வழக்கு போடலாம்னு சொல்றாங்களே, அது உண்மையா?

சட்டப்புள்ளி

இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ என்ற தேசத் துரோகப் பிரிவுக்கும் நாணயத்தை மறுப்பதற்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. 2024 ஜூலை 1-இல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் வந்தபிறகு அந்தப் பிரிவே இல்லை. பயமுறுத்தி வாங்க வைக்கப் பரப்பிய செய்தி அது.

வங்கிக்கவுண்டர்

பத்து ரூபாய் நாணயம் பற்றி நான் எழுதுகிறேன், சென்னைக்கு வெளியே இது இன்னும் தீராத பிரச்சினை.

அந்த நாணயம் 27 மி.மீ. விட்டம், 7.71 கிராம், இரண்டு உலோகம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டு, அதுவரை வெளியான 14 வடிவமும் செல்லும் என்று சொன்னது. ரூபாய்க் குறி உள்ளதும் செல்லும், இல்லாததும் செல்லும். வெளிப்புற வளையத்தில் கோடு 10 இருந்தாலும் 15 இருந்தாலும் செல்லும். கோட்டை எண்ணிக் கள்ள நாணயம் என்று முடிவுகட்டுவதில் அடிப்படையே இல்லை. 20 ரூபாய் நாணயம் 12 பக்கம் கொண்டது, 8.54 கிராம், அதுவும் செல்லும்.

கடைக்காரர் மறுப்பதற்கு உண்மையான காரணம் வேறு. வாங்கினால் அடுத்தவர் வாங்க மாட்டார், வங்கியும் முகம் சுளிக்கும், கல்லாவில் தேங்கும் என்ற பயம். வங்கி மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலையான உத்தரவு. கொண்டுவரும்போது வகை பிரித்து நூறு நூறாகச் சிறு பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்தால் எண்ணும் வேலை குறையும். குவியலாகக் கொட்டினால் கூட்ட நேரத்தில் "நாளை வாருங்கள்" என்ற பதில்தான் வரும். மாதச் சம்பள நாட்களையும் காலை முதல் ஒரு மணி நேரத்தையும் தவிர்ப்பது நல்லது. அப்படியும் மறுத்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. ஆனால் குறைதீர்ப்பாளர் வங்கியைத்தான் கேட்பார். மறுப்பது கடை என்றால் அங்கே போய்ப் பயனில்லை.

கல்லாமேசை

சில்லறை இல்லை என்பதுதான் பலர் ரொக்கத்தை நிறுத்தச் சொல்லும் முதல் காரணம். சிறிய டிபன் கடைக்குக் காலையில் எவ்வளவு சில்லறை வைத்துத் தொடங்க வேண்டும் என்று யாராவது கணக்குச் சொல்ல முடியுமா?

வங்கிக்கவுண்டர்

விற்பனையில் பாதி யுபிஐ-யாக மாறிவிட்ட கடை என்றால் 3,500 ரூபாய் போதும். நூறு ரூபாய் 10, ஐம்பது 20, இருபது 25, பத்து 50. இது 3,000. நாணயத்தில் ஐந்து ரூபாய் 60, இரண்டு ரூபாய் 50, ஒரு ரூபாய் 100. இது 500. இந்த 3,500-ஐ விற்பனையோடு கலக்காமல் இரவில் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை எண்ணுங்கள். கல்லாக் கணக்கு உதைப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கலப்புதான் காரணம்.

விலையையும் பாருங்கள். 43, 67 என்று விலை வைத்தால் சில்லறை கரைந்துபோகும். 5-இன் மடங்காக வைத்தால் ஒன்று, இரண்டு ரூபாய் நாணயத் தேவை ஏறக்குறைய மறைந்துவிடும். எல்லாம் 500 ரூபாய் நோட்டாக வருகிறது என்ற குறையும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஏடிஎம்களில் 90 சதவீதம் 2026 மார்ச் 31-க்குள் ஒரு பெட்டியிலாவது 100 அல்லது 200 ரூபாய் நோட்டு வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

க்யூஆர்காரன்

ரொக்கத்தை நிறுத்திட்டு யுபிஐ மட்டும்னு போற கடைக்காரங்க ஒரு விஷயத்தை யோசிக்கிறதில்ல. யுபிஐ நின்னா என்ன பண்ணுவீங்க? 2025 மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 12, மூணு நாளும் நாடு முழுக்கத் தடுமாறுச்சு. ஏப்ரல் 12 சனிக்கிழமை, கடைக்கு நல்ல வியாபார நாள். "பணம் போச்சா இல்லையா"ன்னு வங்கிங்க அமைப்புலேருந்து திரும்பத் திரும்பக் கேள்வி போனதுல மைய அமைப்பே திணறிடுச்சு. அதுக்கப்புறம்தான் 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு ஆப்ல நாளைக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பாக்கலாம்னு கட்டுப்பாடு வந்துச்சு.

அன்னிக்கு ரொக்கம் வாங்குன கடை ஓடுச்சு, வாங்காத கடை ஷட்டரை இறக்குச்சு. ரொக்கத்தை விடக்கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

இப்ப தினசரித் தகராறு: "எனக்குப் போயிடுச்சு"ன்னு வாடிக்கையாளர், "எனக்கு வரல"ன்னு கடை. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீங்க, போலி ஆப்ல பச்சை டிக் வர வைக்கிறது சுலபம். சவுண்ட் பாக்ஸ் சொன்னாலோ, கடையோட சொந்த ஆப்ல வரவு தெரிஞ்சாலோதான் வந்ததா அர்த்தம். வாடிக்கையாளர் ஆப்ல 12 இலக்க எண் ஒண்ணு இருக்கும், யுடிஆர் இல்ல ஆர்ஆர்என்னு போட்டிருக்கும். அதையும் அவர் போன் எண்ணோட கடைசி நாலு இலக்கத்தையும் நோட்டுல எழுதிக்குங்க. கணக்குல பிடிச்சு கடைக்கு உறுதி வராத பணம் அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும், அதுக்கு மேல தாமதமானா நாளைக்கு 100 ரூபாய் நட்டஈடு. இது 2019 செப்டம்பர் ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆளுக்கு ஆள் அனுப்பறதுன்னா அடுத்த நாளுக்குள்ள திரும்பணும்.

அதனால சரியான நடைமுறை: முதல் பணம் வரலைன்னா ரொக்கமா வாங்கிக்கிட்டு, அந்த எண்ணை எழுதிக்கிட்டு, பின்னாடி முதல் பணமும் வந்து சேர்ந்துட்டா திருப்பி அனுப்பறது. அதே யுபிஐ-ல மறுபடி முயற்சி பண்ணச் சொன்னா ரெண்டு பணமும் மாட்டிக்கிட்டு நிக்கும்.

சில்லறைவணிகம்

ஸ்டிக்கர் மோசடி பற்றியும் சொல்லுங்கள் அண்ணா, அது அதிகமாகிவிட்டது.

க்யூஆர்காரன்

கடை ஸ்டிக்கர் மேலயே வேற ஸ்டிக்கரை ராத்திரியில ஒட்டிடுவாங்க. வாசல் தூண்ல, வண்டியோட வெளிப்பக்கம் ஒட்டின ஸ்டிக்கருக்குத்தான் இது நடக்கும். தினமும் கடை திறந்ததும் உங்க போன்லேருந்தே ஒரு ரூபாய் போட்டுப் பாருங்க. திரையில வர்ற பெயர் சரியான்னு பாருங்க, பாக்ஸ் சத்தம் போடுதான்னு கேளுங்க. பத்து விநாடி வேலை. அச்சிட்ட அட்டையை கண்ணாடிக்கு உள்பக்கம் வச்சா ஒட்டவே முடியாது.

இன்னொண்ணு, தனிநபர் க்யூஆரை கடைக்கு வைக்காதீங்க. வணிகக் கணக்கு க்யூஆர்ல நாலு இலக்க வகைக் குறியீடு இருக்கும், மளிகைக்கு 5411, உணவகத்துக்கு 5812. தனிநபர் க்யூஆர்ல அது 0000. தனிநபர் வரவுக்கு அனுப்பறவரோட நாள் வரம்பு ஒரு லட்சம், 20 பரிமாற்றம் எல்லாம் குறுக்கே வரும். பில்லைத் திருப்பித் தர்ற வசதியும் இருக்காது. வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் கலந்துபோறது அதைவிடப் பெரிய தலைவலி.

வணிக க்யூஆர்ல ரூபே கிரெடிட் கார்டும் உள்ள வரும். 2,000 ரூபாய்க்குக் கீழே சிறு கடைக்குப் பிடித்தம் இல்ல, மேல போனா உண்டு. வாலட்லேருந்து 2,000-க்கு மேல வந்தா 1.1 சதவீதம் வரை போகும், இது 2023 ஏப்ரல் முதல். வேண்டாம்னா உங்க நிறுவனத்துக்கிட்ட அந்த வழியை மட்டும் அடைக்கச் சொல்லலாம். சவுண்ட் பாக்ஸ் வாடகையையும் கணக்குல சேர்த்துக்குங்க, யுபிஐ இலவசம்னு சொன்னாலும் மாசம் நூறு ரூபாய் வாக்குல அங்க போகும்.

பேரேடு

பெங்களூரு விவகாரத்துக்கு வருகிறேன், யுபிஐ மறுப்பின் வேர் அங்கேதான். கர்நாடக வணிகவரித் துறை 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவைப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கடைக்காரர்கள் ஸ்டிக்கரைக் கிழித்தார்கள். பதிவு செய்துகொண்டால் பழைய நிலுவையைக் கேட்கமாட்டோம் என்று மாநில அரசு இறங்கிவந்தது.

ரொக்கத்துக்கு மாறினால் வரி போய்விடும் என்பது தவறான முடிவு. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு மொத்த விற்பனைக்கு, யுபிஐ-க்கு மட்டும் அல்ல. பொருள் விற்கும் கடைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். உணவகம் சேவையில் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாள் சராசரியாக மாற்றிப் பாருங்கள்: மளிகைக்கு ஏறக்குறைய 10,960 ரூபாய், டிபன் கடைக்கு 5,480 ரூபாய். ஓரளவு ஓடுகிற டிபன் கடை எல்லாமே இந்தக் கோட்டைத் தாண்டும்.

நோட்டீஸ் வந்தால் முதல் வேலை, வரவுப் பட்டியலைப் பிரிப்பது. உறவினர் அனுப்பியது, கடன் திரும்பியது, சொந்தக் கணக்கிலிருந்து மாற்றியது எதுவும் விற்பனை அல்ல. பால், பச்சைக் காய்கறி போன்ற வரி விலக்குப் பொருள்களை மட்டும் விற்பவருக்குப் பதிவே வேண்டாம். ஆனால் விலக்குப் பொருளோடு பிஸ்கட் பாக்கெட்டும் விற்றால், வரம்பைக் கணக்கிடும்போது பாலும் சேர்ந்துகொள்ளும். இந்த இடத்தில்தான் பேக்கரிகள் மாட்டின.

தாண்டிவிட்டவர்களுக்கு காம்போசிஷன் திட்டம் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை) இருக்கிறது: ஒன்றரைக் கோடி வரை, வணிகருக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். வாடிக்கையாளரிடம் வரி தனியாக வசூலிக்கக் கூடாது, கொள்முதல் வரியைக் கழிக்கவும் முடியாது.

வருமான வரியில் டிஜிட்டல் வரவுக்குச் சலுகை இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. பழைய 44ஏடி முறையில் (சிறு வணிகரின் லாபத்தை விற்பனையின் சதவீதமாக உத்தேசிக்கும் முறை) ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாக எடுத்துக்கொள்வார்கள், வங்கி வழி வந்தால் 6 சதவீதம். ஆண்டு விற்பனை 30 லட்சம் என்றால் முழுக்க ரொக்கத்தில் 2,40,000, முழுக்க யுபிஐ-யில் 1,80,000. ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த முறையின் வரம்பும் இரண்டு கோடியிலிருந்து மூன்று கோடியாக உயரும். ஆகவே யுபிஐ-யைக் கண்டு ஓடுவதில் கணக்குப்படி லாபமில்லை.

சில்லறைவணிகம்

வரியைவிட இன்னொரு பயம் பெரிது. யாரோ ஏமாற்றிய பணத்தில் நம் கடையில் 300 ரூபாய்க்கு ஜூஸ் குடித்தால், நம் கணக்கு முழுக்க முடங்குகிறதே!

சட்டப்புள்ளி

ஆம், இது உண்மையான சிக்கல். சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் புகார் போனதும் பணம் போன பாதையில் உள்ள கணக்குகளை வங்கிகள் நிறுத்திவைக்கின்றன. மூன்றாவது, நான்காவது கையாக 300 ரூபாய் வாங்கிய கடையும் அந்தப் பட்டியலில் வந்துவிடும், வேறு மாநிலப் போலீஸின் வழக்கில்.

செய்ய வேண்டியவை: வங்கிக் கிளையில் புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் காவல் நிலையத்துக்கு அன்றைய பில், 12 இலக்க எண், கடை உரிமம், உணவகமானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நகல் வங்கிக்கு. சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மிச்சத்தை விடுவிக்கக் கேளுங்கள். 300 ரூபாய்க்காகக் கணக்கு முழுவதையும் முடக்குவதைச் சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

முன்னெச்சரிக்கை ஒன்றே ஒன்று: யுபிஐ வரவுக்குத் தனிக் கணக்கு. அதிலிருந்து தினமும் இரவில் வேறு வங்கியில் உள்ள கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பளம், வாடகை, கடன் தவணை எல்லாம் இரண்டாவது கணக்கிலிருந்து. முடங்கினாலும் அன்றைய வரவோடு நிற்கும். கல்லாவில் ரொக்கமும் இருந்தால் மறுநாள் பால்காரருக்குக் கொடுக்கத் திண்டாட வேண்டாம்.

வைகைக்கரை

பெரியவர்களுக்கு உதவுகிற பிள்ளைகளுக்காக ஒரு தகவல். "யுபிஐ சர்க்கிள்" என்ற வசதியில் மகனோ மகளோ தன் கணக்கிலிருந்து அம்மா அப்பா செலவழிக்க அனுமதி தரலாம். முழு அனுமதி என்றால் மாதம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 வரை. அல்லது ஒவ்வொன்றுக்கும் பிள்ளை ஒப்புதல் தரும் முறை. பட்டன் போனுக்கு 123பே இருக்கிறது, ஒரு தடவைக்கு 10,000 வரை. *99# இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும், தமிழிலும் வரும். சின்னச் செலவுக்கு யுபிஐ லைட்: பின் நம்பர் வேண்டாம், ஒரு தடவைக்கு 1,000, மொத்த இருப்பு 5,000.

ஆனால் இவை எல்லாமே விருப்பப்பட்டவர்களுக்கு. பின் நம்பரை அட்டையில் எழுதிக் கடைக்காரரிடம் நீட்டுகிற பெரியவரை யுபிஐ-க்குள் தள்ளுவது அவர் சேமிப்பை ஆபத்தில் தள்ளுவது. அவர் கையில் இருக்கும் ஐம்பது ரூபாய் நோட்டுதான் அவருக்குப் பாதுகாப்பு. தயவுசெய்து அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சில்லறைவணிகம்

சரி அக்கா, மருந்து, சாப்பாடு, போக்குவரத்து மூன்றிலும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். மற்ற கடைகளுக்கு முன்கூட்டிச் சொன்னால் போதும் என்பதில் மாற மாட்டேன். பலகையில் என்ன எழுத வேண்டும்?

சட்டப்புள்ளி

ஆர்டர் எடுக்கும் இடத்துக்கு முன்னால், வாசலில், தமிழில் பெரிய எழுத்தில்: "இங்கே யுபிஐ, கார்டு மட்டும். ஆர்டர் செய்யும் முன் கவனிக்கவும். இணைப்பு இல்லாத நேரத்தில் ரொக்கம் ஏற்கப்படும்." மெனு அட்டையின் முதல் பக்கத்திலும் போடுங்கள். பில்லின் அடியில் போடுவதால் பயனில்லை, அதற்குள் கடன் பிறந்துவிடும். மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்று வாதிட வாடிக்கையாளருக்கு இடமுண்டு.

கல்லாமேசை

ஃபுட் கோர்ட்டில் வளாக நிர்வாகமே ரொக்கம் கூடாது என்று விதி வைத்தால் கடைக்காரர் என்ன செய்வது?

பேரேடு

வாடகை ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாமல் வாய்மொழியாகச் சொன்னால் பேச இடமிருக்கிறது. விற்பனையில் பங்கு வாங்கும் வளாகங்கள் கணக்குத் தெரிவதற்காகத்தான் ரொக்கத்தைத் தடுக்கின்றன. அதற்கு மாற்று, வளாகத்தின் நுழைவில் ஒரே ஒரு ரொக்கக் கவுண்டர். அங்கே 200 ரூபாய் கட்டினால் 200-க்குக் கார்டு, போகும்போது மிச்சத்தைத் திருப்பித் தருவது. கார்டை வெளியிடுபவர் தன் சொந்தப் பொருளுக்கு மட்டும் பயன்படுத்தினால் ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டாம். பல தனிக்கடைகளில் செல்லும்படி வெளியிட்டால் அனுமதி பெற்ற நிறுவனம் வழியாகத்தான் செய்ய வேண்டும். மிச்சத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று சின்ன எழுத்தில் போடும் வளாகங்களும் உண்டு, ஒப்பந்தம் போடும்போதே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் அந்தக் கோபத்தைக் காட்டுவது வளாகத்திடம் அல்ல, உங்கள் கவுண்டரில்.